ஜெனரேட்டர் ஓடும்போது விழுந்த கோடு

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டுரை வந்தது. கேமராவுக்குள் படம் பிடிக்கிற சில்லான சென்சார், பழைய சிசிடி வகையிலிருந்து புது சீமாஸ் வகைக்கு நம்மிடம் எப்படி மாறியது என்று இப்போது அங்கே டிசைன் பார்க்கும் பையன் எழுதியிருந்தான். நல்ல பையன், மரியாதையாகப் பேசுவான். ஆனால் நாலாவது பத்தியில் ஒரு வரி: “ஆரம்பத்தில் பழைய ஊழியர்கள் சிலர் சீமாஸை எதிர்த்தார்கள்.” படித்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. சிலரும் கிடையாது, பலரும் கிடையாது, அந்தப் பேர் வாங்கினது ஒருத்திதான். க்வாலிட்டி செக்‌ஷன் மரகதம். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேனே தவிர செத்துப்போய்விடவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

குழுவிலேயே அப்படிப் பதில் போட்டேன். “அப்போ நீங்களே எழுதுங்க மேடம்” என்றான். எழுதாமல் விடுவேனா?

தொண்ணூற்றொன்றில் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தேன். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மொத்தம் பத்துப் பேர். நாங்கள் செய்தது கல்யாணத்துக்கு எடுத்துப் போகிற கேமரா இல்லை. தொழிற்சாலையில் ஒரே இடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிற கேமரா. லேபிள் கோணலா, மூடி உடைசலா என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். முதல் வருஷம் லென்ஸ் துடைத்தேன், சோல்டர் வைத்தேன். இரண்டாம் வருஷம் டெஸ்டிங்கில் போட்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

டெஸ்டிங், டிசைன் இரண்டுக்கும் பெரியவர் சேஷாத்ரி சார். மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். குரலை மட்டும் உயர்த்தவே மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் துடைக்கிற துணியால் நிதானமாகத் துடைப்பார். துடைத்து முடிக்கிறவரை எதிரில் இருக்கிற ஆள் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். ஆபீஸ் கூட்டுகிற அம்மாவிலிருந்து எல்லோரையும் ‘நீங்க’தான். அந்த ‘நீங்க’வைத் தாங்க முடியாமல் வேலையை விட்டுப் போன ஆம்பளைகளை எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டில் ‘படம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். “நல்லா இருக்குன்னா என்னம்மா அர்த்தம்? என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க. என்ன நினைச்சீங்கன்னு எனக்கு வேணாம்.” இரண்டு வருஷம் அந்த மனுஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுதினேன். பிறகு எனக்கும் அந்தப் புத்தியே வந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது “சினிமா நல்லா இருந்துச்சு” என்றால் எரிச்சலாக வருகிறது.

ஒரு கேமராவுக்கு முதல் சோதனை, ஒன்றுமே இல்லாததைப் படம் எடுப்பது. லென்ஸுக்கு மூடி போட்டு, கறுப்பு வெல்வெட் துணியைச் சுற்றி, இரும்பு பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எடுப்போம். படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். வராது. அங்கங்கே வெள்ளைப் புள்ளி, லேசாகக் கோடு, ஒரு மூலையில் சாம்பல் என்று சென்சாரின் யோக்கியதை எல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு பீரோவுக்குள் ஒரு நாற்பது வாட் பல்பைத் தகர டப்பாவால் மூடி எரியவிட்டு, சூட்டில் மறுபடியும் எடுப்போம். சூடு ஏற ஏறப் புள்ளிகள் கூடும். எத்தனை, எந்த இடத்தில் என்று கையால் குறித்துக்கொள்வேன். பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் அம்மா, “கேமரா கம்பெனியில வேலை” என்று பெருமையாகச் சொல்வாள். நான் பீரோவுக்குள் இருட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கதையை அவர்களிடம் யார் சொல்வது!

அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாமே சிசிடிதான். ஜப்பானிலிருந்து வரும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மூணு நாலு விதமான வோல்டேஜ் கேட்கும், கரண்ட் குடிக்கும், சூடாகும். பளிச்சென்று ஒரு வெளிச்சம் பட்டால் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடு இழுத்துவிடும். ஆனால் படம் சுத்தம். தொண்ணூறுகளின் கடைசியில் சீமாஸ் வந்தது. கம்ப்யூட்டர் சில்லு செய்கிற மாதிரியே செய்வதால் மலிவு. ஒரே வோல்டேஜ் போதும். கூட வைக்க வேண்டிய சர்க்யூட்டில் பாதி அந்தச் சில்லுக்குள்ளேயே இருந்தது. குறை என்னவென்றால் இருட்டுப் படத்தில் மழைத்தூறல் மாதிரி இரைச்சல்.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். நாங்கள் வாங்கிய சிசிடி, குரூப் போட்டோ மாதிரி. படத்தின் எல்லாப் புள்ளியும் ஒரே நொடியில் பார்க்கும். அன்றைக்கு வந்த சீமாஸ் வரிசை வரிசையாகப் பார்க்கும். முதல் வரிசை பார்த்து முடித்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று கீழே இறங்கும். நடுவில் வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ மேல் வரிசைக்கு ஒரு வெளிச்சம், கீழ் வரிசைக்கு வேறு வெளிச்சம் ஆகிவிடும்.

டியூப்லைட் அப்படிக் கூடிக் குறைகிற சாமான்தான். நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மெயின் கரண்டின் தாளத்துக்கு அது விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. அந்தத் தாளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி கேமராவின் நேரத்தை வைத்துவிட்டால் எல்லா வரிசைக்கும் சம வெளிச்சம் கிடைக்கும். சேஷாத்ரி சார் அப்படித்தான் வைத்தார். நான் லேபில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. “டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு காணப்படவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை, பார்த்ததைத்தான் எழுதினேன்.

முதல் பெரிய ஆர்டர், ஒயிட்ஃபீல்டு ரோட்டில் ஊசி மருந்துக் குப்பி செய்கிற ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. பன்னிரண்டு கேமரா கேட்டார்கள். சிசிடி விலையில் அது நடக்காது, சீமாஸ் விலையில் நடக்கும். சேஷாத்ரி சார் முதலாளியிடம் தன் பெயரைப் பணயம் வைத்து வாங்கிய ஆர்டர். முதலில் ஒரு கேமரா வைத்து ஒரு மாதம் பார்ப்பது, சரியாக இருந்தால் மீதி பதினொன்று என்று பேச்சு.

அங்கே குப்பிகளைப் பார்த்துத் தள்ளுகிற வேலையை ஐந்து பெண்கள் செய்தார்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை அடித்த பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் திருப்பி, மயிரிழை விரிசல் இருந்தால் தள்ளிவிட வேண்டும். அந்த டேபிளில் ஒரு நேரத்தில் ஒருத்திதான். கண் வலிக்கும் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவாள். அவர்கள் தேறியது என்று விட்ட குப்பி அடுத்து எங்கள் கேமரா முன்னால் போகும். கேமரா தள்ளினால், அந்த நேரத்தில் டேபிளில் யார் உட்கார்ந்திருந்தாளோ அவள் பெயரில் ஒரு தப்பு ஏறும்.

மாதக் கடைசியில் போட வேண்டிய கையெழுத்துக்காகச் சரிபார்க்க மூணாவது வாரம் நான் போனேன். ரிஜிஸ்டரைப் பார்த்தால் நாலு பெண்கள் பேரில் அங்கொன்று இங்கொன்று. ஐந்தாமவள் பெயரில் மட்டும் பக்கம் பக்கமாகத் தப்பு. பெயர் கன்னியம்மா, ஊர் ஜீவனஹள்ளி, பதினோரு வருஷ சர்வீஸ். மேனேஜர் நாகராஜ் அவளைக் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். டாக்டர் கண்ணில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். “அப்போ சாப்பிட்டுட்டுத் தூங்குறா” என்று முடிவுகட்டி மெமோ கொடுத்துவிட்டார்கள். மூணு நாளில் பதில் தர வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான், நாலாவது படிக்கிற பெண் குழந்தை வேறு.

நான் கன்னியம்மாவிடம் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொட்டி வெச்சது நீதானா?”

“ஆமா.”

“என் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. உன் பொட்டியிலதான் கோளாறு. போய் அதைப் பாரு.”

எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. ஏழு வருஷம் இருட்டைப் பார்த்துப் பழகின என்னிடமா என்று இருந்தது. அவள் பெயரில் தள்ளின குப்பி ஒரு தட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நானே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லை. அதே தட்டை மறுநாள் காலை பத்து மணிக்குக் கேமரா முன்னால் விட்டேன். எல்லாம் தேறிவிட்டது! மத்தியானம் விரிசல் விட்ட கண்ணாடி காலையில் ஒட்டிக்கொள்ளுமா?

“நீ எப்பவும் எந்த நேரத்துல உட்காருவே?” என்று கேட்டேன்.

“ரெண்டுலேருந்து நாலு.”

“தினமுமா? மாத்தி மாத்தித்தானே உட்காரணும்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். தினம் இரண்டிலிருந்து நாலு வரை அந்தப் பக்கம் கரண்ட் கட். ஜெனரேட்டரில் மெஷினும் லைட்டும் ஓடும், ஃபேன் ஓடாது. உலைக்குப் பக்கத்தில் ஃபேன் இல்லாமல் யார் உட்காருவார்கள்? அந்த வெந்து சாகிற நேரத்தை அவள் ஏற்றுக்கொள்வது, பதிலுக்கு நாலு மணிக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலையை மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டு இவளைப் பஸ்ஸுக்கு விடுவது. ஸ்கூல் கேட்டில் குழந்தை வாட்ச்மேனோடு உட்கார்ந்திருக்கும். அவர்களுக்குள் அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. மேனேஜருக்குத் தெரியாது.

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இரண்டு மணிக்கு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஏறியது. பழைய டீசல் ஜெனரேட்டர். காற்று கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் மூச்சு வாங்கியது. மெயினின் தாளம் எங்கே, இதன் தாளம் எங்கே! மானிட்டரில் குப்பியின் கழுத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. மெல்ல இறங்கியது, மறைந்தது, மறுபடி மேலே விழுந்தது. எங்கள் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு அறிவு இல்லை. ஒரு வரிசை பக்கத்து வரிசையைவிடக் கறுத்தால் விரிசல் என்று தள்ளிவிடும். தள்ளிக்கொண்டே இருந்தது. எதிரே கன்னியம்மா முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நல்ல குப்பியாக அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

லேபில் ஏன் இதைப் பார்க்கவில்லை? எங்கள் லேபில் கரண்ட் போவதே தெரியாது. கம்ப்யூட்டருக்காக முதலாளி பெரிய யுபிஎஸ் வைத்திருந்தார். ஊரெல்லாம் ஜெனரேட்டரில் ஓடுகிற கேமராவை யுபிஎஸ்ஸில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த மெமோவை நாகராஜ் அடித்திருக்கலாம், அதற்கு அடிப்படை என் ரிப்போர்ட்.

போன் போட்டேன். சேஷாத்ரி சார் மறுநாளே வந்தார், பார்த்தார். ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார், அந்த மட்டில் கெட்டிக்காரர். வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

“என்ன கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு இல்லயா? அடுத்த வாரம் லைட்டை மாத்திடலாம். நடந்ததைக் கிளற வேணாம்.”

“மெமோ குடுத்திருக்காங்களே சார்?”

“அது அவங்க ஃபாக்டரி விஷயம். நமக்கு என்ன?”

“நம்ம கேமரா சொன்னதை வெச்சுத்தானே சார் குடுத்தாங்க?”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் நிற்கவில்லை. “நாளைக்கு வரேன் சார்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் லேபிலிருந்து ஒரு பழைய சிசிடி கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு நாகராஜை லைனுக்குக் கூப்பிட்டு, இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே குப்பியைக் காட்டினேன். சிசிடி படம் முழுசாக லேசாய் மங்கியது, வெளுத்தது, ஆனால் பட்டை இல்லை. சீமாஸ் படத்தில் பட்டை ஊர்ந்தது.

“ஏனம்மா இது?” என்றார் நாகராஜ்.

அன்றைக்கும் வந்திருந்த சேஷாத்ரி சார் இங்கிலீஷில் “மரகதம், தட்ஸ் இனஃப்” என்றார்.

“என்ன பாத்தேனோ அதைச் சொல்லுன்னு நீங்கதானே சார் கத்துக் குடுத்தீங்க?” என்று திரும்பிக் கேட்டுவிட்டு, நாகராஜிடம் சொன்னேன். இந்த மூணு வாரத்தில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கேமரா சொன்ன எதுவும் செல்லாது. அந்த அம்மா மேல் தப்பே இல்லை. தப்பு எங்கள் கேமராவில், அதைவிட அதிகமாக என் ரிப்போர்ட்டில். இதை எழுதியும் கொடுத்தேன்.

மெமோவை வாபஸ் வாங்கினார்கள். பன்னிரண்டு கேமரா ஆர்டரும் போனது. சந்தோஷமாகக் கன்னியம்மாவிடம் சொல்லப் போனேன், என்னமோ நான் அவளைக் காப்பாற்றிவிட்ட மாதிரி. அவள் சிரிக்கக்கூட இல்லை.

“பொட்டியிலதான் கோளாறுன்னு நான் மூணு வாரமா கத்துறேன். அப்போ ஒருத்தனும் கேக்கல. நீ இன்னொரு பொட்டிய வெச்சுக் காட்டினதும் ஒத்துக்கிட்டானுங்க. அப்போ நான் சொன்னதுக்கு என்னம்மா மதிப்பு?”

பஸ்ஸில் வீடு வருகிறவரை அழுதேன்.

கம்பெனியில் என்னை டெஸ்டிங்கிலிருந்து தூக்கி சர்வீஸில் போட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் முழுக்க பஸ்ஸில் சுற்றுகிற வேலை. ‘சீமாஸ் எதிரி’ என்று பட்டமும் கட்டினார்கள். சுற்றட்டும் என்றுதானே போட்டார்கள், சுற்றினேன். போன இடமெல்லாம் ஜெனரேட்டர், கம்ப்ரஸர், வெல்டிங், தூசி, எலி. எந்தக் கேமரா எங்கே சாகும் என்று லேபில் இருந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதற்குள் உலகம் மாறியது. போனுக்குள் கேமரா வந்தது. போனுக்குக் கரண்ட் குடிக்காத, மலிவான சில்லு வேண்டும். கணக்கில்லாமல் செய்தார்கள், செய்யச் செய்ய இரைச்சலும் குறைந்தது. எல்லா வரிசையும் ஒரே நொடியில் பார்க்கிற சீமாஸும் வந்துவிட்டது. சிசிடி மேல் எங்களுக்கெல்லாம் இருந்த பக்தி சந்தையில் யாருக்கும் இல்லை. புதுச் சில்லை நான் வாங்கி, பீரோவில் வைத்து, சூட்டில் வைத்து, வாடகைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் எடுத்து மாடிக்குக் கீழே ஓடவிட்டுப் பார்த்தேன். தேறியது. நேரே சேஷாத்ரி சாரிடம் போய், “இனிமே சீமாஸ்தான் சார்” என்றேன். எதிர்த்தவர் யார் தெரியுமா? அவர்தான்! அந்த ஆர்டர் போன சூட்டில் அவர் சிசிடியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். கடைசியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஜெனரேட்டர் டெஸ்டை ப்ரொசீஜர்ல சேர்த்துடுங்க” என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. என்னை மறுபடி டெஸ்டிங்கில் போட்டார். தம்பி, உன் கட்டுரையில் இதை எழுது. கம்பெனிக்குள் சீமாஸைத் திரும்பக் கொண்டுவந்தவள் நான்.

புதுச் சில்லு போட்ட முதல் கேமராவை வைக்க அதே குப்பித் தொழிற்சாலைக்கே போனேன். ரிப்போர்ட் படிவத்தில் ஒரு இடம் கூட்டியிருந்தேன். டேபிளில் உட்காருகிற ஆளின் கையெழுத்து. அது இல்லாமல் கேமரா தேறாது. “அவங்களுக்கு என்ன தெரியும்?” என்றார் நாகராஜ். “உங்களுக்கும் எனக்கும் தெரியாதது தெரியும்” என்றேன். பதினைந்து நாள், மத்தியானம் ஜெனரேட்டரில், கன்னியம்மாவின் கண்ணும் கேமராவும் ஒரே குப்பிகளைப் பார்த்தன. முதல் நாலு நாள் கேமரா விட்டுவிட்ட விரிசல்களை அவள் பிடித்தாள். திருத்தினோம். கடைசி மூணு நாள் இரண்டும் ஒன்றையே சொன்னன.

பேனாவைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

“நான் கையெழுத்துப் போட்டா எங்க டேபிளை எடுத்துடுவாங்களா?”

பொய் சொல்ல மனசு வரவில்லை. “எடுத்துடுவாங்க.”

நாகராஜ் பக்கம் திரும்பினாள். “அப்போ நாங்க அஞ்சு பேரும் எங்க போறது? அதை எழுதிக் குடுங்க சார். இங்கிலீஷ்ல வேணாம், கன்னடத்துல எழுதுங்க, நாங்க எல்லாரும் படிக்கணும்.”

நாகராஜ் என்னைப் பார்த்தார். நான் கேமராவின் ஒயரைக் கழற்றிப் பையில் வைக்க ஆரம்பித்தேன். பேசிப் பார்த்தார், முணுமுணுத்தார், உள்ளே போய் யாரிடமோ போனில் கத்தினார். ஒரு மணி நேரம் கழித்து லெட்டர் வந்தது. ஐந்து பேரும் அதே சம்பளத்தில் கேமரா லைனைப் பார்த்துக்கொள்வது, கேமரா தள்ளுகிற குப்பியில் கடைசி முடிவு அவர்களுடையது, சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. மற்ற நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். கன்னியம்மா சத்தமாக ஒரு முறை படித்துக் காட்டினாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகுதான் பேனாவை வாங்கி, ஸ்கூலில் படித்தது கன்னடம்தான் என்றாலும், என் பெயருக்கு மேலே தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

“இப்போ உன் பொட்டி பாஸ்” என்றாள்.